தொழிலறிவு எந்த மதிப்பெண்ணில் சேரும்?

நுண்ணறிவுச் சோதனைக்காக என்னிடம் வருகிறவர்கள் முதலில் நிரப்பும் படிவத்தில் பெயர், வயது, படிப்பு ஆகியவற்றுக்குக் கீழே ‘தொழில்’ என்று ஒரு வரி உண்டு. வயது கணக்கில் சேர்கிறது. ஒருவர் வாங்கும் மதிப்பெண்ணை அவர் வயதுக்காரர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டுத்தான் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) கண்டுபிடிக்கப்படுகிறது. படிப்பு நேரடியாகச் சேராவிட்டாலும் பொது அறிவு, சொல்வளம், மனக்கணக்கு என்று கேட்கப்படும் பலவற்றில் அதன் தடம் தெரிந்துவிடுகிறது. தொழில் மட்டும் அறிக்கையின் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவரிடமும், அதே முப்பது ஆண்டுகள் சாயப்பட்டறையில் நிறம் சேர்த்தவரிடமும், அந்தக் காலத்தில் அவர்கள் தலைக்குள் சேர்த்துவைத்தவற்றில் அநேகமாக எதையும் எங்கள் சோதனை கேட்பதில்லை. கோவையில் மருத்துவ உளவியலராக வேலை பார்க்கும் எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பெரியவர்களின் நுண்ணறிவு என்று நாங்கள் எழுதித் தரும் எண், அவர்களுடைய அறிவின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டுக் கணக்கிடப்பட்ட எண் என்றே நான் கருதுகிறேன். இது ஏன் இப்படி ஆயிற்று என்பதையும், வேறு விதமாகச் செய்ய முயன்றவர்கள் எங்கே முட்டிக்கொண்டார்கள் என்பதையும் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

இந்தச் சோதனைகள் குழந்தைகளுக்காகப் பிறந்தவை. 1905-இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் அளவுகோலை உருவாக்கியபோது, வழக்கமான வகுப்பில் தொடர முடியாத பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கவனம் தருவதே நோக்கமாக இருந்தது. பிள்ளைகளிடம் இத்தகைய சோதனை ஓரளவு நியாயமாகவே வேலை செய்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே பாடத்தை, ஏறக்குறைய ஒரே காலத்தில் படிக்கிறார்கள். ஆகவே யார் எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்பதற்குப் பொதுவான ஒரு தளம் இருக்கிறது. பள்ளி முடிந்ததும் அந்தத் தளம் கலைந்துபோகிறது. ஒருவர் ஊசி மருந்தின் அளவுகளையும், இன்னொருவர் நிலப் பட்டாவின் உட்பிரிவுகளையும், மற்றொருவர் நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட்டையும் படிக்கத் தொடங்குகிறார். 1912-இல் வில்லியம் ஸ்டெர்ன் முன்வைத்த, மன வயதை உண்மையான வயதால் வகுக்கும் முறையும் பெரியவர்களிடம் பொருளற்றுப்போனது. பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரியதைச் செய்கிறது என்றால் நமக்குப் புரிகிறது; நாற்பது வயதுக்காரர் நாற்பத்தெட்டு வயதுக்குரியதைச் செய்கிறார் என்றால் அதற்கு என்ன பொருள்?

பெரியவர்களைப் பெருந்திரளாகச் சோதித்த முதல் முயற்சி முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில் நடந்தது. 1917-18 காலத்தில் சுமார் 17 லட்சம் பேர் சோதிக்கப்பட்டார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கான ‘ஆல்ஃபா’ தாளில் பொது அறிவுக்கென்று ஒரு பகுதி இருந்தது. கிறிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது அதில் ஒரு கேள்வி. கிறிஸ்டி மேத்யூசன் எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் வீரரா, நகைச்சுவை நடிகரா என்பது இன்னொன்று. (கிறிஸ்கோ சமையல் கொழுப்பு, மேத்யூசன் பேஸ்பால் வீரர்.) இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் அண்மையில் வந்து இறங்கியவர்களும் இதே தாளை எழுதினார்கள். இத்தகைய விடைகளைத் திரட்டித்தான் அமெரிக்க வெள்ளையரின் சராசரி மன வயது ஏறக்குறைய 13 என்று அறிவித்தார்கள். ஒரு நாட்டுக் கடைத்தெருவின் அறிவை மனித அறிவின் அளவாக எடுத்துக்கொண்ட இந்த அபத்தத்தை எத்தனையோ பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். அதனால் ஏற்பட்ட எதிர்வினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அறிவைக் கேட்பதே அநியாயம், கேட்டே ஆக வேண்டுமென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கக்கூடியதை மட்டும் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கை இத்துறையில் ஊறிப்போனது.

அந்த எச்சரிக்கையின் நிதானமான வடிவத்தை டேவிட் வெக்ஸ்லரிடம் காணலாம். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய அவர் 1939-இல் பெரியவர்களுக்கென்றே வெளியிட்ட அளவுகோலின் வழித்தோன்றல்களைத்தான் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். மன வயதை அவர் கைவிட்டார். ஒத்த வயதினரின் சராசரியை 100 என்று வைத்து, அதிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று பார்த்தார். பொது அறிவுப் பகுதியை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் சராசரி வாய்ப்புகள் உள்ள சராசரி மனிதர் தானாகவே அறிந்துகொள்ளக்கூடியவற்றையே கேட்க வேண்டும், தனித் துறை சார்ந்த அறிவையும் ஏட்டுப் படிப்பையும் தவிர்க்க வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. நியாயமான நெறிதான். அதன் விளைவு என்னவென்றால், எல்லோரும் நிற்கக்கூடிய ஆழமற்ற இடத்தில் மட்டுமே எல்லோரையும் அளக்கிறோம். ஒவ்வொருவரும் ஆழமாகப் போன இடத்துக்கு நாங்கள் போவதே இல்லை.

இந்தச் சிக்கலைக் கோட்பாட்டளவில் மிகத் தெளிவாகக் கண்டவர் ரேமண்ட் கேட்டெல். நுண்ணறிவை அவர் இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத புதிரை அந்த இடத்திலேயே யோசித்து அவிழ்க்கும் திறன் பாய்ம நுண்ணறிவு. படிப்பாலும் பழக்கத்தாலும் சேர்ந்து உறைந்த அறிவு படிக நுண்ணறிவு. முதலாவதைக் காலமெல்லாம் எதில் முதலீடு செய்கிறோமோ அதுவே இரண்டாவதாகத் திரள்கிறது என்பது அவர் கருத்து. இளமையில் உச்சத்தைத் தொட்டுப் பின்பு சரியத் தொடங்குவது முதலாவது. ஐம்பது, அறுபது வயதுவரையிலும் தாக்குப்பிடிப்பது, சிலரிடம் வளர்வது இரண்டாவது. பள்ளியை விட்டு வெளியே வந்தபின் படிக நுண்ணறிவை உண்மையாக அளக்க வேண்டுமானால் எத்தனை தொழில்கள் உண்டோ அத்தனை சோதனைகள் வேண்டியிருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அது நடக்காத காரியம் என்பதால், பள்ளிக்கூடம் விட்டுச்சென்ற மிச்சத்தையே பெரியவர்களின் படிக நுண்ணறிவு என்று அளந்துகொண்டிருக்கிறோம். நாற்பத்தைந்து வயதுக்காரரின் சொல்வளத்தைச் சோதிப்பது பெருமளவில் அவர் பதினெட்டு வயதில் எப்படி இருந்தார் என்பதைச் சோதிப்பதாகவே முடிகிறது.

நம் நாட்டில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று சி. எம். பாட்டியா 1955-இல் வெளியிட்ட செயல்திறன் சோதனைத் தொகுதி இன்றும் இந்திய மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுகிறது. கட்டைகளை அடுக்குவது, அட்டைகளை நகர்த்துவது, கோட்டுருவங்களை வரைவது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது, படத்துண்டுகளைச் சேர்ப்பது என ஐந்து பகுதிகள் கொண்டது. உத்தரப் பிரதேசத்தில் 11 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களை வைத்து நியமங்கள் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகள்) வகுக்கப்பட்ட சோதனை அது. ஐம்பது வயது விவசாயியின் முன் அதை எடுத்து வைக்கும்போது, நாங்கள் அவரிடம் என்ன கேட்கிறோம் என்று எனக்கே விளங்குவதில்லை.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய ஒப்புதலோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் பட்டறையில் இளம் வயதிலிருந்தே வேலை செய்தவர், ஐம்பதைத் தாண்டியவர், இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, இழப்பீட்டு வழக்கிற்காக மதிப்பீடு செய்ய அனுப்பப்பட்டிருந்தார். குறியீடுகளை வேகமாக எழுதும் பகுதியில் அவர் மதிப்பெண் மிகவும் குறைவு. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்து உருவம் அமைக்கும் பகுதியில் பாதி வழியில் நேரம் முடிந்துவிட்டது. பொது அறிவில் சராசரிக்குக் கீழே. (கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம், பட்டறையில் தேவைப்படாத கேள்விகள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.) இடைவேளையில் தேநீர் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துபோனதைச் சொல்லி, தம்பி அனுப்பியிருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். திறந்து வைத்த மோட்டாரில் சில காயில்கள் கருகியும் மற்றவை செம்பின் நிறம் மாறாமலும் இருந்தன.

“ஏனுங்க மேடம், இது டெல்டாவுங்களா?”

“தெரியலையேண்ணா.”

“ஸ்டார்ட்டர்ல இருந்து மோட்டாருக்கு ஒயர் மூணு போகுதுங்களா, ஆறு போகுதுங்களா?”

தம்பியிடம் கேட்டேன். ஆறு.

“அப்ப டெல்டாதானுங்க. ஒரு பேஸ் வராமயே ஓடியிருக்குது. டூ பேஸ் கரண்ட்ல கண்டென்சர் போட்டு ஓட்டறாங்களான்னு கேளுங்க. ஸ்டார்ல இருந்தா ரெண்டு செட் கருகி ஒண்ணு தப்பிச்சிருக்கும். இதுல ஒண்ணு கருகி ரெண்டு தப்பிச்சிருக்குது பாருங்க.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் அவர் வார்த்தை தேடினார். விபத்துக்கு முன்பு அப்படி இல்லை என்று உடன் வந்த மகன் சொன்னார். ஆனால் சொன்னது அத்தனையும் சரி. மும்முனை மோட்டாரின் மூன்று கம்பிச் சுற்றுகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டு முறைகள்தான் ஸ்டாரும் டெல்டாவும். ஒரு முனை (பேஸ்) அறுந்துவிட்டால், ஸ்டார் இணைப்பில் மீதமுள்ள இரண்டு சுற்றுகள் வழியாகவே மின்சாரம் முழுவதும் பாய்கிறது. மூன்றாவதில் எதுவும் பாய்வதில்லை. டெல்டா இணைப்பிலோ ஒரு சுற்று நேராக இரண்டு முனைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மற்ற இரண்டும் வரிசையாகச் சேர்ந்து சுமையின் சிறுபங்கை மட்டும் தாங்குகின்றன. எனவே கருகிய காயில்களின் அமைப்பைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். எல்லாச் சுற்றுகளும் ஒரே சீராகக் கருத்திருந்தால் அதிகச் சுமை. ஒரே இடத்தில் மட்டும் வெந்திருந்தால் காயிலுக்குள்ளேயே ஷார்ட். இதில் மனப்பாடம் என்று ஒதுக்கக்கூடியது மிகக் குறைவு. கண்ணால் பார்த்ததிலிருந்து காணாத ஒன்றை ஊகிப்பதும், ஊகத்தை உறுதிப்படுத்த எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும், இணைப்பு மாறினால் விளைவு எப்படி மாறும் என்று தலைகீழாக யோசிப்பதும் இதில் இருக்கின்றன. நுண்ணறிவு என்ற பெயரில் நாங்கள் தேடுவதாகச் சொல்லிக்கொள்வதும் இவற்றைத்தான்.

இந்த அறிவை அளக்க முடியாது என்பதில்லை. எரிந்த காயில்களின் படங்களைக் காட்டிக் காரணம் கேட்கலாம். அடுத்த படியில், காரணத்தை உறுதி செய்ய எதைச் சோதிப்பீர்கள் என்று கேட்கலாம். அதற்கும் மேலே, இதுவரை அவர் கையாண்டிராத ஒரு மோட்டாரின் படத்தைக் கொடுத்து யோசிக்கச் சொல்லலாம். பெயர் தெரிந்தவரையும், காரணம் தெரிந்தவரையும், காரணத்தைப் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லத் தெரிந்தவரையும் இப்படிப் படிப்படியாகப் பிரித்துவிடலாம்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் பிலிப் ஆக்கர்மன். சிந்திக்கும் செயல்முறை, ஆளுமை, ஆர்வம், அறிவு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் பெரியவர்களின் நுண்ணறிவு என்று 1996-இல் அவர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பிறகு எரிக் ரோல்ஃபஸுடன் சேர்ந்து கலை, இசை, இலக்கியம், சட்டம், பொருளியல், உயிரியல், வேதியியல், மின்னணுவியல், பட்டறைக் கருவிகள் என 20 துறைகளில் அறிவுச் சோதனைகளை உருவாக்கி, கல்லூரி மாணவர்களோடு நடுவயதினரையும் எழுதவைத்தார். 1999-இல் வெளியான முடிவுகளில் ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் நடுவயதினரே முன்னால் நின்றார்கள்; வேதியியல் போன்ற அறிவியல் பகுதிகளில் மட்டும் நிலைமை வேறு. அடுத்த ஆண்டு, 21 முதல் 62 வயது வரையிலான 228 பேரை 18 துறைகளில் சோதித்த ஆய்வின் தலைப்பிலேயே, துறை சார்ந்த அறிவைப் பெரியவர்களின் நுண்ணறிவில் உள்ள ‘கரும்பொருள்’ என்று அழைத்தார். அண்டத்திலுள்ள பொருளின் பெரும்பகுதியாக இருந்தும் தொலைநோக்கிக்குத் தென்படாத கரும்பொருளை வானியலாளர்கள் கணக்கில் சேர்ப்பதை மனத்தில் வைத்துச் சொன்னது அது. இந்த அறிவு, பாய்ம நுண்ணறிவோடு இருப்பதைவிடப் படிக நுண்ணறிவோடும் ஒருவரின் ஆர்வங்களோடும் அதிகம் தொடர்பு கொண்டிருந்தது.

ஆக்கர்மனின் இன்னொரு கருத்து எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. எங்கள் சோதனை என்பது ஒருவர் அமைதியான அறையில், முழுக் கவனத்தோடு, ஒன்றரை மணி நேரம் தன்னால் இயன்ற உச்சத்தைக் காட்டும் சந்தர்ப்பம். அறிவோ அப்படிச் சேர்வதில்லை. வேலை முடிந்த பிறகும் அதைப் பற்றியே யோசிக்கிறவரிடம், கழற்றிய பழைய மோட்டாரை எடைக்குப் போடுவதற்கு முன்பு ஒருமுறை பிரித்துப் பார்க்கிறவரிடம், ஆண்டுக்கணக்கில் அது சேர்கிறது. உச்சத்தில் என்ன முடியும் என்பதும், வழக்கமாக என்ன செய்கிறார் என்பதும் வெவ்வேறு. நாங்கள் முன்னதை மட்டும் அளந்துவிட்டுப் பின்னதைப் பற்றி ஊகிக்கிறோம்.

துறையறிவு இருக்கும்போது சிந்தனையின் தோற்றமே மாறிவிடுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட சதுரங்க ஆய்வை உளவியல் மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்தச் சிறப்பு மறைந்துவிடுகிறது. நினைவாற்றல் என்று நாம் அளப்பதில் எவ்வளவு பங்கு அறிவுடையது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. ஸ்டீபன் செசியும் ஜெஃப்ரி லைக்கரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. குதிரைப் பந்தயத் திடலே கதி என்று கிடந்த 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 14 பேர் பந்தய விகிதங்களை முன்கூட்டியே கணிப்பதில் நிபுணர்கள். நிபுணர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நுண்ணறிவு ஈவில் வேறுபாடு தென்படவில்லை. குறைந்த ஈவு உள்ள நிபுணர்கள், உயர்ந்த ஈவு உள்ள மற்றவர்களைவிடச் சிக்கலான முறையில், பல காரணிகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதையும் சேர்த்து யோசித்தார்கள். சிறிய எண்ணிக்கையை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்தப் பதினான்கு பேர் இருந்தார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் பழைய சோதனைகளை ஆதரிப்பவர்கள் அறியாமையால் ஆதரிக்கவில்லை. ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்வார் என்பதோடு பொது மனத்திறன் சோதனைக்கு உள்ள தொடர்பு (முழுத் தொடர்பு என்றால் 1) .51, தொழிலறிவுச் சோதனைக்கு உள்ள தொடர்பு .48. இரண்டும் ஏறக்குறைய சமம். மேலும், பொதுத் திறன் வேலையைப் பாதிப்பதே பெரும்பாலும் தொழிலறிவின் வழியாகத்தான், அதாவது திறன் மிக்கவர் தொழிலை விரைவாகக் கற்றுக்கொள்கிறார், கற்றதனால் நன்றாகச் செய்கிறார் என்று அவர்களின் முந்தைய ஆய்வு காட்டியது. இதைப் பழைய சோதனைக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுவது வழக்கம். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். இருபது வயதில் வேலைக்குச் சேர்க்கும்போது, இனி என்ன கற்பார் என்று ஊகிக்கப் பொதுத் திறன் உதவுகிறது. ஐம்பது வயதில் ஊகிக்க என்ன இருக்கிறது? கற்றாரா இல்லையா என்பதை நேரடியாகவே கேட்டுவிடலாமே.

நேரடியாகக் கேட்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் அனுபவத்தின் ஆண்டுகளை அறிவுக்குப் பதிலியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. ‘முப்பது வருஷ சர்வீஸ்’ என்று சொன்னாலே பேச்சு முடிந்துவிடுகிறது. மருத்துவர்களின் பணி அனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளை நித்தீஷ் சவுத்ரியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் தொகுத்தபோது, 62 மதிப்பீடுகளில் பாதிக்குச் சற்று மேலானவற்றில் அனுபவ ஆண்டுகள் கூடக்கூட எல்லா அளவீடுகளிலும் தரம் குறைவதாகவே தெரிந்தது. இளமையில் படித்ததைப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் அறிவு காலாவதியாகிறது. நம் ரீவைண்டிங் பட்டறைகளிலும் இதைக் காணலாம்: செம்புக் கம்பியில் மன்னரான பலர், மோட்டாரின் வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டி வந்தால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆழமான அறிவுக்கு விலையும் உண்டு. லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் பெற, நகரின் மையமான சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் உள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களை மனத்தில் பதித்துத் தேர்வில் தேற வேண்டும். கேத்தரின் வூலட்டும் எலினோர் மகுவயரும் இதற்குப் பயிற்சி எடுத்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேறிய 39 பேரின் மூளையில், நினைவுக்கும் இடமறிதலுக்கும் முக்கியமான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. அதேவேளையில் சிக்கலான ஒரு கோட்டுருவத்தைச் சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். பயிற்சிக்கு முன்பு தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் இத்தகைய வேறுபாடுகள் இருந்திருக்கவில்லை.

அறிவை அளப்பது என்று முடிவு செய்தபின் எழும் பெரிய கேள்வி, எந்த அறிவை என்பது. ஆக்கர்மனின் 20 துறைகளின் பட்டியலை மறுபடி பாருங்கள். மின்னணுவியலும் பட்டறைக் கருவிகளும் நீங்கலாகப் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரியில் பாடமாக உள்ளவை. பாடநூல் இருந்தால் வினாத்தாள் தயாரிப்பது எளிது; அதனால் பாடநூல் உள்ள அறிவே அளக்கப்படுகிறது. கேட்டெல் கவலைப்பட்ட ‘பள்ளிக்கூடத்தின் மிச்சம்’ இங்கே கல்லூரியின் மிச்சமாக வந்து நிற்கிறது. ஆண்களும் பெண்களும் பெறும் மதிப்பெண்களும் துறைகளின் தேர்வைப் பொறுத்தே அமையும். கருவிகளையும் இயற்பியலையும் பட்டியலில் வைத்துவிட்டு, ஒரு கூட்டுக் குடும்பத்தின் வரவு செலவையும் சர்க்கரை நோயுள்ள மாமியாரின் மருந்தையும் குழந்தையின் தடுப்பூசி அட்டவணையையும் பண்டிகைச் சமையலின் அளவுகளையும் ஒருசேர நடத்துகிறவரின் அறிவை வெளியே விட்டால் யார் பின்தங்குவார்கள் என்பதைச் சோதனை நடத்தாமலே சொல்லிவிடலாம். படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதுகிறவர்களிடம் என்ன துறையறிவைக் கேட்பது என்று இத்துறையில் யாரும் உருப்படியாக யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

யாரோடு ஒப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் கேட்டெல்–ஹார்ன்–கேரல் மாதிரியில் துறை சார்ந்த அறிவுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற திறன்களைப் போல இதைப் பொது மக்களின் சராசரியோடு ஒப்பிட்டுப் பயனில்லை, அந்தந்தத் துறையில் இருப்பவர்களோடுதான் ஒப்பிட வேண்டும் என்று அம்மாதிரியை விளக்கிய ஜோயல் ஷ்னைடரும் கெவின் மெக்ரூவும் எழுதியிருக்கிறார்கள். பொறியாளரின் பொறியியல் அறிவை மற்றப் பொறியாளர்களோடுதான் நிறுத்திப் பார்க்க முடியும். நான் இதை முழுமையாக ஏற்கிறேன். ஏற்கும்போது எதை இழக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரீவைண்டரின் அறிவு ரீவைண்டர்களுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லலாம். அவரையும் ஒரு வங்கி மேலாளரையும் ஒரே வரிசையில் நிறுத்தி யார் மேலே என்று சொல்ல முடியாது. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் அந்த ஒற்றை எண்ணுக்காகத்தான் நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும் எங்களிடம் ஆட்களை அனுப்புகின்றன. பெரியவர்களைப் பொறுத்தவரை ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டுமென்றால் அந்த எண்ணைத்தான் கைவிட வேண்டும் என்பது என் துணிபு.

அதில் ஆபத்தும் இருக்கிறது. தலைக் காயத்தில் பழைய அறிவு பெரும்பாலும் தப்பிவிடும். வேகமும் கவனமும் புதிதாகக் கற்கும் திறனும்தான் அடிபடும். தொழிலறிவை மட்டும் அளந்து ‘எல்லாம் தெரிந்திருக்கிறது’ என்று எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வைத்தே இழப்பீட்டைக் குறைக்கச் சொல்வார். நான் குறிப்பிட்ட அந்த அண்ணனுக்கு எரிந்த மோட்டாரின் காரணம் தெரிகிறது. ஆனால் ஒரு நாளில் முன்பு முடித்த வேலையில் பாதியைக்கூட இப்போது முடிக்க முடியவில்லை, சுற்று எண்ணிக்கையை நடுவில் மறந்துவிட்டு முதலிலிருந்து எண்ணுகிறார் என்று பட்டறை முதலாளி சொன்னார். இரண்டும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

எனவே இப்போதெல்லாம் வழக்கமான மதிப்பெண்களுக்குப் பிறகு ‘தொழில்சார் அறிவு’ என்ற தலைப்பில் தனியாக ஒரு பத்தி எழுதுகிறேன். அதே தொழிலில் இருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, இத்தொழிலில் தேர்ந்தவரையும் அரைகுறையானவரையும் எந்தக் கேள்வி பிரித்துக்காட்டும் என்று கேட்டு, அப்படிப்பட்ட நாலைந்து கேள்விகளைத் தயாரித்துக்கொள்கிறேன். என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது, தொழில் தெரிந்தவர் அந்தப் பதிலை எப்படி மதிப்பிட்டார் என்பதையெல்லாம் அப்படியே எழுதிவிடுகிறேன். எண் எதுவும் போடுவதில்லை. போடுவதற்கு நியமங்கள் கிடையாது. அந்த நியமங்களைக் கோவையின் பம்பு மோட்டார்த் தொழில் ஒன்றுக்காவது உருவாக்க முடியும்: படங்களும் கேள்விகளும் தயாராக இருந்தால், சில நூறு பேரை அவர்கள் பட்டறையிலேயே உட்காரவைத்துக் கேட்டுவிடலாம். செலவை யார் ஏற்பது என்ற இடத்தில்தான் பேச்சு ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது.